பனிக்குள் ஓர் ஊர்வலம்

வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டிவிட்ட மூன்றாம் நாள் இறால் பட்டது. மார்கழி முழுக்க விடாத மழை. கரையேறிக் கிடந்த தண்ணீர் மெல்ல வடிய, ஆரையம்பதித் துறையில் விடிந்ததும் விடியாததுமாகத் தோணிகள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கின. பூபாலபிள்ளை தோணியை இழுத்துக் கட்டிவிட்டு, வலையை அப்படியே சாக்கில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலில் கட்டியிருந்த தறப்பாளின் கீழே புருசனும் பெண்சாதியும் எதிரெதிரே குந்தியிருந்து இறாலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நசுக்காமக் கழட்டுங்க. தலை போனா யாவாரி எடுக்கமாட்டான்,” என்றாள் சீதேவி.

“நாப்பது வருசமாக் கழட்டுறன் கா.”

“அதான் சொல்றன்.”

உள்ளேயிருந்து மகன் தனோஜன் போனும் கையுமாக வந்தான். இருபத்துநான்கு வயது. வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். மழையென்றால் வேலை இல்லை, அன்றைக்கும் இல்லை.

“அம்மா, மாமாட வீடியோ ஒண்டு வந்திரிக்கு.”

“எந்த மாமா?”

“நோர்வே மாமா.”

சீதேவியின் கை வலையிலேயே நின்றது. பூபாலபிள்ளை பெண்சாதியின் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தப் பேச்சு நின்றுபோய்ப் பதின்மூன்று வருசம்.

நோர்வே மாமா என்கிற நல்லரத்தினம் சீதேவியின் ஒரே கூடப்பிறப்பு. அவளைவிட ஆறு வயது மூப்பு. எண்பத்தெட்டாம் ஆண்டு, நாடு இருந்த இருப்பில், படிக்கவென்று நோர்வேக்குப் போனவர். படிப்பு ஒரு வருசத்தில் முடிந்தது. அந்த நாட்டின் வடக்குக் கோடியில், மாரியில் சூரியனே உதிக்காத ஒரு சின்ன ஊரில், மீன் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே இருந்துவிட்டார். கலியாணம் கட்டவில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று தை மாதம் தாய் செத்தாள். அண்ணன் வாறன் என்றார், ரிக்கெட் எடுத்திட்டன் என்றார். சவப்பெட்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் பதினொரு வயதுத் தனோஜன்தான் கொள்ளி வைத்தான். ஐந்தாம் நாள் அண்ணனே போன் எடுத்தார். அன்றைக்குத்தான் சீதேவி பிறந்ததிலிருந்து முதன்முதலாக அண்ணனை ‘நீ’ என்றாள்.

“உனக்கு இனி அம்மாவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. இந்தப் பக்கம் எடுக்காத.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எடுக்கவும் இல்லை. வருசத்தில் ஒருமுறை, பொங்கலன்று, தனோஜனுக்கு மட்டும் இரண்டு சொல்லில் வாழ்த்து வரும்.

“ஆர் அனுப்பின?” என்று கேட்டாள்.

“தெரியாத நம்பர். நோர்வே நம்பர்தான். எழுத்து ஒண்டும் இல்ல, வீடியோவும் ஒரு சிவப்பு இதயமும் மட்டும்தான். பாருங்களன்.”

சீதேவி கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

இருட்டு. பனி கொட்டுகிறது. அந்தப் பனிக்குள்ளே சனங்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். நூறு பேர், இருநூறு பேர். குழந்தைகளைச் சறுக்கு வண்டிலில் வைத்து இழுக்கிறார்கள். கிழவர்கள் கோல் ஊன்றி வருகிறார்கள். ஒரு கட்டடத்தின் முன்னால் ஊர்வலம் நிற்கிறது. வாசலுக்கு மேலே புதுப் பலகை. அதிலே நீந்துகிற ஆளின் படம், பக்கத்தில் இங்கிலீஸ் எழுத்தில் ஒரு பெயர்.

“நல்லரத்தினம்!” என்று தனோஜன் கத்தினான். “அம்மா, நீச்சல் தடாகத்துக்கு மாமாட பேர் வெச்சிரிக்காங்க!”

பிறகு மண்டபம். மேடைச் சுவரில் நல்லரத்தினத்தின் பெரிய படம்: தலை நரைத்து, காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு, வாய் கொள்ளாச் சிரிப்பு. கீழே மெழுகுதிரிகள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்து ஏதோ வாசிக்கிறாள். வாசித்து முடிய, மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டுகிறது. தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், நிறுத்தவே இல்லை.

“மாமா எங்க நிக்கார்?” என்றார் பூபாலபிள்ளை.

“முன்வரிசையில இரிப்பார் அப்பா. வீடியோ எடுத்த ஆள் பின்னாலயெல்லா நிண்டிரிக்கு.”

சீதேவி போனை மகனிடம் நீட்டினாள். “திரும்பப் போடு,” என்றாள். திரும்பப் பார்த்தாள். அதற்குப் பிறகும் பார்த்தாள். தனோஜன் அந்த நம்பருக்குக் கைதட்டும் கைகள் நாலும் கும்பிடும் கை ஒன்றும் அனுப்பினான். சற்று நேரத்தில் இன்னொரு சிவப்பு இதயம் வந்தது.

பத்து மணிக்குள் ஒழுங்கைக்கே தெரிந்துவிட்டது. விளையாட்டுக் கழகத் தலைவர் திவாகரன் குடையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

“சீதேவியக்கா, என்ன நீங்க இதச் சொல்லாம இரிக்கிற? வெள்ளைக்காரன் தன்ர நாட்டில ஒரு கட்டடத்துக்கு எங்கட ஆளுட பேர வெக்கிறதெண்டா சும்மாவா?”

“எனக்கே இண்டைக்குத்தான் தெரியும் தம்பி.”

“அவர் அங்க என்ன செய்தவராம்?”

அவளுக்குத் தெரியாது. தனோஜனுக்கும் தெரியாது. நீச்சல் ஏதோ பழக்கியிருக்க வேண்டும் என்றான்.

“என்ன செய்தாலும் பொதுச்சேவைதானே. பொங்கலுக்கு முதல் நாள் நாங்களும் ஒரு பாராட்டு வைப்பம். பெனர் ஒண்டு அடிச்சுச் சந்தியில கட்டுவம். அவரையும் போனில எடுத்து மைக்குக்குக் கிட்டப் பிடிச்சா ஊர் முழுக்கக் கேக்கும்.”

திவாகரன் போனதும் சீதேவி போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அண்ணனின் பழைய நம்பருக்குக் குரலில் அனுப்பினாள். மூன்று தரம் தொடங்கி அழித்து, நாலாம் தரம் விட்டாள்.

“அண்ணன், நான் சீதேவி. வீடியோ பாத்தன். வடிவா இரிந்திச்சு. நீங்க நல்லா மெலிஞ்சு போய்ட்டீங்க. எனக்கு இப்ப கோபமில்ல. நேரம் கிடைக்கக்குள்ள ஒருக்கா எடுங்க. சந்தோசம் அண்ணன். வாழ்த்துகள்.”

வந்து, யாவாரிக்கு வைத்திருந்த இறாலில் பெரிது பெரிதாக ஒரு கோப்பை அள்ளினாள். பூபாலபிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. தேங்காய்ப்பால் விட்டு இறால் ஆணம் வைத்தாள். மணலை மீன் பொரித்தாள். ரவையை வறுத்துக் கேசரி கிண்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் குசினி வாசலில் வந்து நின்றார்கள்.

“மாமியும் இப்ப இரிந்திரிக்க வேணும்,” என்றாள் ஒருத்தி.

“ஓம் கா. அம்மா அவர்ர பேரச் சொல்லிக்கொண்டுதான் கண்ண மூடின,” என்றாள் சீதேவி. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பழைய சூடு இல்லை.

தனோஜன் மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனான். றமீஸின் பெனர் கடை பிரதான வீதியில். அவன் கடைக்கு வயரிங் செய்தது தனோஜன்தான். அன்றிலிருந்து அவனுக்கு றமீஸ் ‘நானா’, மூத்த அண்ணன் மாதிரி.

“நீ அனுப்பின படம் காணாது தம்பி, பெரிசாக்கினா உடையும்,” என்றான் றமீஸ். “வீடியோவ அனுப்பு, நான் அதில வெட்டி எடுக்கன்.”

கணினியின் பெரிய திரையில் வீடியோ ஓடியது. மேடைச் சுவர் வரும் இடத்தில் றமீஸ் நிறுத்தினான். போனில் புள்ளிபோலத் தெரிந்த எழுத்துகள் இங்கே தெளிவாகத் தெரிந்தன. படத்தின் கீழே ஒரு வரி. அதன் கீழே மெழுகுதிரிச் சுடருக்குப் பின்னால் சில இலக்கங்கள்.

“இந்த வரியையும் தமிழில போட்டா வடிவா இரிக்கும். என்ன எழுதியிரிக்கி?”

“தெரியா நானா. அவங்கட பாசை.”

“அதுக்கென்ன.”

றமீஸ் தன் போனை எடுத்து, மொழிபெயர்க்கிற கமெராவைத் திறந்து, திரைக்கு நேரே பிடித்தான். பார்த்தான். போனின் கண்ணாடியைச் சேட்டில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். பிறகு போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

“தம்பி, அந்தக் கதிரையில ஒருக்கா இரி.”

“ஏன் நானா?”

“மாமாவோட நீங்க கடைசியாக் கதைச்ச எப்ப?”

“நாங்க கதைக்கிறல்ல. பொங்கலுக்கு மட்டும் மெசேஜ் வரும். ஏன்?”

றமீஸ் எழுந்து அவனருகே வந்தான். தோளில் கைவைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் காட்டினான்.

*நன்றியுடன் நினைவுகூருகிறோம். 1964 – 2025.*

தனோஜன் அதை வாசித்தான். பிழையாக மாறியிருக்கும் என்றான். அந்த இலக்கங்கள் வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றான். றமீஸ் கணினித் திரையை அணைத்தான். “நீ மோட்டார் சைக்கிள் ஓட வேணாம், நான் ஓடுறன்,” என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு இறங்கினான்.

அவர்கள் வந்து இறங்கியபோது சீதேவி கேசரியைத் தட்டில் கொட்டித் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். றமீஸைக் கண்டதும், “வாங்க தம்பி, நல்ல நேரத்துக்குத்தான் வந்திரிக்கீங்க,” என்று ஒரு துண்டை வெட்டப் போனாள். மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்ன? மாமா எடுத்தவரா?”

தனோஜன் தகப்பனைப் பார்த்தான். பூபாலபிள்ளை அவனைத் தறப்பாளுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். மழைத் தூற்றலில் நின்று இருவரும் கதைத்ததை அவள் குசினி வாசலிலிருந்து பார்த்தாள். புருசனின் கை தலைக்குப் போனதைப் பார்த்தாள்.

“அண்ணனுக்கு என்ன?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“சீதேவி, நீ முதல்ல இரி.”

“நான் இரிக்கல்ல. சொல்லுங்க.”

“அது பாராட்டு இல்லயாம் கா. மச்சான் மோசம் போயிட்டாராம். செத்த ஆளுக்குத்தான் அந்த ஊர் கூடியிரிக்கு.”

கூடிநின்ற பெண்களில் ஒருத்தி குளறி அழத் தொடங்கினாள். சீதேவி குளறவில்லை. கேசரித் தட்டை ஒரு துணியால் மூடினாள். அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். பிறகு வந்து படியில் இருந்து, “அந்த வீடியோவப் போடு மனே,” என்றாள்.

“வேணாம் அம்மா.”

“போடு எண்டன்.”

காலையிலிருந்து பத்துப் பதினைந்து தரம் பார்த்ததுதான். இப்போது அதில் ஒன்றுகூட அதுவாக இல்லை. பந்தம் பிடித்து வந்தவர்களில் ஒருவரும் பேசிக்கொண்டு வரவில்லை. பலகைக்குக் கீழே நின்ற இளம் பெண் மூக்கைத் துடைத்தது குளிரில் இல்லை. வாசித்த கிழவியின் கையில் இருந்த கடதாசி நடுங்கியது. வாசிக்க ஏலாமல் இரண்டு தரம் நின்றிருக்கிறாள். அந்த நிற்பைத்தான் காலையில் தனோஜன், “கைதட்டுக்கு இடம் விடுறா,” என்றான். முன்வரிசையில் ஒரு கதிரையில் யாரும் இல்லை. அதன் மேல் ஒரு கம்பளித் தொப்பி கிடந்தது.

“நாங்க கைதட்டி அனுப்பினமே,” என்றாள் சீதேவி. “செத்தவீட்டுக்குக் கைதட்டி அனுப்பினமே மனே. நான் வாழ்த்துச் சொன்னனே.”

தனோஜன் போனை அவள் கையிலிருந்து வாங்கினான்.

ஒழுங்கை வாசலில் வெள்ளைக் கொடி கட்டுவதா என்று திவாகரன் வந்து கேட்டார். செத்து எத்தனை நாள் என்று தெரியாது. பெட்டி எங்கே என்று தெரியாது. பிணம் இல்லாத செத்தவீட்டில் எதை முதலில் செய்வதென்று வயதானவர்களுக்கும் தெரியவில்லை. கொடியைக் கட்டினார்கள். சமைத்த சோற்றை யாரும் தொடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. றமீஸ் பின்னேரம் வரை இருந்தான். போகும்போது பெனரைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தனோஜன் அந்த நம்பருக்கு இங்கிலீசில் எழுதினான்: எங்களுக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் தெரியும், மன்னிக்க வேண்டும். அங்கிருந்து உடனே அழைப்பு வந்தது. அவன் எடுத்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு எழுத்தில் வந்தது. தமிழ் தெரிந்த ஆள் ஒருவரை நாளைக்குக் கூட்டிவருகிறேன் என்று.

மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. போனை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்துச் சீதேவி பாயில் இருந்தாள். அவள் அதுவரை அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அன்று காலையும் புருசனோடு இருந்து, தலை நசுங்காமல், இறால் கழற்றினாள்.

போனில் ஒரு குசினி தெரிந்தது. வீடியோவில் வாசித்த கிழவி. அவள் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை. பின்னால் ஜன்னலில் கறுப்பாக இருட்டு.

“வணக்கம் அன்ரி. என்ர பேர் கஜானி. நான் பக்கத்து ரவுண் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். இது இங்கெர். உங்கட அண்ணன்ர பக்கத்து வீடு. அவரை நாங்கள் நல்லா மாமா எண்டுதான் கூப்பிடுறது.”

“அங்க இப்ப இரவா புள்ள?”

“இல்ல அன்ரி, காலமை பத்தரை. இப்ப இங்க விடியாது. இன்னும் பத்து நாள் செல்லும்.”

கஜானி நடந்ததைச் சொன்னாள். டிசம்பர் இருபத்தெட்டாம் திகதி, தெருக்கோடியில் தனியே இருக்கும் ஒரு கிழவரின் வாசலில் மூடிய பனியை வழிக்கப் போயிருக்கிறார். ஒவ்வொரு மாரியும் ஏழெட்டு வீட்டுக்கு அவர்தான் வழிக்கிறது. மண்வெட்டி கையிலிருக்கவே அப்படியே சரிந்து உயிர் போய்விட்டது. நெஞ்சுவலி. வீட்டாருக்குத் தெரிவிக்கச் சொல்லி ஒஸ்லோவில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு எழுதினார்களாம். தெரிவித்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் எழுதிவைத்திருந்த தனோஜனின் நம்பரைக் கண்டுதான் இங்கெர் வீடியோவை அனுப்பினாளாம்.

“அவருக்கு ஏன் கட்டடத்துக்குப் பேர் வெச்ச?” என்று சீதேவி கேட்டாள்.

கஜானி திருப்பிக் கேட்டாள். கிழவி நெடுநேரம் பேசினாள். கஜானி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிறகு, சொல்லலாமா விடலாமா என்பதுபோலக் கிழவியைப் பார்த்தாள்.

“சொல்லு புள்ள.”

“இவவுக்கு ஒரு மகன் இருந்தவன் அன்ரி. பத்தொன்பது வயது. இரண்டாயிரத்துப் பதின்மூண்டு தை மாதம், போட்டிலயிருந்து கடலுக்க விழுந்திட்டான். ஊரே தேடினது. மூண்டாம் நாள் அரசாங்கத்து ஆக்கள் தேடுறத நிப்பாட்டிட்டினம். மாமாவும் வேற ரெண்டு பேரும் மட்டும் நிப்பாட்டேல்ல. சின்னப் போட்டில ஒவ்வொரு நாளும் போனவை. ஒம்பது நாள்.”

பூபாலபிள்ளை நிமிர்ந்தார். “எந்த மாதம் எண்ட?”

“தை மாதம். அவர் ஊருக்குப் போக ரிக்கெட் எடுத்து, உடுப்பெல்லாம் பாக்கில கட்டி வெச்சிருந்தவராம். ஏன் போகேல்லயெண்டு இவை கேட்டதுக்கு ஒண்டும் சொல்லேல்ல. தன்ர அம்மா செத்தது அந்தக் கிழமைதானெண்டு நாலு வருசத்துக்குப் பிறகுதான் இவவிட்டச் சொன்னவராம்.”

சீதேவி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசத் தொடங்கியபோது அவள் குரல் உயர்ந்திருந்தது.

“நாங்க ரெண்டு நாள் வெச்சிரிந்தம். அவக்குச் சொல்லு. மழைக்குள்ள எங்கட அம்மாவ ரெண்டு நாள் வெச்சிரிந்து, ஒவ்வொரு வேன் சத்தத்துக்கும் ஓடி ஓடிப் பாத்தம். பதினொரு வயசுப் பொடியன் கொள்ளி வெச்சான். ஆருட மகனையோ தேட அவர் நிண்டாரெண்டா, அவரப் பெத்தவக்கு ஆரு?”

“அன்ரி, இத...”

“அப்படியே சொல்லு. ஒரு சொல்லும் விடாத.”

கஜானி சொன்னாள். கிழவி கையை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டாள். கண்ணைத் திருப்பவில்லை.

“ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிரிக்காதா,” என்றாள் சீதேவி, இம்முறை புருசனைப் பார்த்து. “அஞ்சாம் நாள் எடுத்தவரே. அப்ப சொல்லியிரிக்கலாமே.”

பூபாலபிள்ளை நிலத்தைப் பார்த்தபடி, “சொல்ல விட்டயா கா?” என்றார்.

வெளியே தறப்பாளில் தேங்கிய மழைநீர் ஒரு பக்கம் சரிந்து கொட்டியது. தனோஜன் எழுந்துபோய் அதைத் தூக்கிவிட்டு வந்தான்.

“அந்தப் பொடியன் கிடைச்சானா?” என்று சீதேவி கேட்டாள்.

கஜானி கேட்காமலே கிழவிக்குக் கேள்வி விளங்கிவிட்டது போலிருந்தது. தலையாட்டினாள்.

“ஒம்பதாம் நாள் கிடைச்சது அன்ரி. மாமாதான் கண்டது. உயிரில்ல. ஆனா அடக்கம் செய்யக் கிடைச்சது. அதுக்குப் பிறகுதான் மாமா பெக்டரி வேலை முடியச் சின்னப் பிள்ளையளுக்கு நீச்சல் பழக்கத் தொடங்கினவர். சனிக்கிழமை ஒண்டும் தவறவிடேல்ல. இப்ப இந்த ஊரில நீந்தத் தெரியாத பிள்ளை இல்ல. நானும் அவரிட்டத்தான் பழகினனான்.”

சீதேவி சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். கிழவி மெதுவாக ஏதோ சொன்னாள். கஜானி அதைத் தமிழில் சொன்னாள்.

“நிலம் உறைஞ்சு கிடக்கிறதால பெட்டி இன்னும் சேர்ச்சுக்குப் பக்கத்து அறையிலதான் இருக்கு அன்ரி. அனுப்பச் சொன்னா ஊர் அனுப்பும். அது உங்கட உரிமை. ஆனா ஒண்டு கேக்கச் சொல்லுறா. இங்கயே வெச்சிருக்க விடுவியளோ எண்டு. தன்ர மகனுக்குப் பக்கத்தில ஒரு இடம் இருக்காம், அது தனக்கெண்டு வெச்சிருந்த இடமாம்.”

பூபாலபிள்ளை பெண்சாதியைப் பார்த்தார். தனோஜனும் பார்த்தான். முப்பத்தேழு வருசமாக வராத ஆளைப் பெட்டியிலாவது பார்க்கலாம் என்று அந்த வீட்டில் முதல்நாள் முழுக்கப் பேசியிருந்தார்கள். போனிலிருந்த குசினியில் ஏதோ பாத்திரம் கொதிக்கும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்துபோய் இறக்கவில்லை.

“இஞ்ச எங்களுக்கு அவரத் தெரியா புள்ள,” என்றாள் கடைசியில். “கொண்டுவந்து வெச்சாலும் ஊராக்கள் வந்து வீடியோவில பாத்த ஆள் எண்டுதான் சொல்லுவாங்க. அங்கயே இரிக்கட்டும். முப்பத்தோராம் நாளுக்கு நாங்க இஞ்ச செய்யிறதச் செய்யிறம். அண்டைக்கு ஒரு கோப்பை சோறும் மீனும் அவர்ர படத்துக்கு முன்னால வைக்கச் சொல்லு. மீன் எந்த மீனெண்டாலும் சரி.”

கஜானி சொன்னாள். கிழவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“மறுகா இன்னொண்டு கேளு.”

“சொல்லுங்கோ அன்ரி.”

“அண்ணனுக்குக் கால் குளிர் தாங்காது. இஞ்ச மாரி மழைக்கே சாக்குக்குள்ள காலை விட்டுட்டுத்தான் படுப்பார். பெட்டிக்குள்ள வைக்கக்குள்ள காலுக்கு ஏதும் போட்டவங்களா எண்டு கேளு.”

கஜானி கேட்டாள். கிழவி முகத்திலிருந்து கையை எடுத்தாள். மேசையைப் பிடித்து எழும்பி, கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக் கமெராவுக்கு நேரே காட்டினாள். சாம்பல் நிறத் தடித்த கம்பளிக் காலுறை. கணுக்காலுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு.

“இதே மாதிரியாம் அன்ரி,” என்றாள் கஜானி. “தான் பின்னினதாம். ரெண்டு சோடி, ஒண்டுக்கு மேல ஒண்டு.”

சீதேவி அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழவியும் காலை இறக்கவில்லை.

“காணும்,” என்றாள் சீதேவி. “இறக்கச் சொல்லு, கால் நோகும்.”